எங்கள் மலை ரேஷன் கடை: அரிசிக்கு மட்டும் மூன்று நட்சத்திரம்

கொல்லிமலையில் எங்கள் ஊருக்கு வாய்த்தது பகுதிநேர ரேஷன் கடை. ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் தருகிறேன், மூன்றும் அரிசிக்குத்தான். 2011 முதல் அது இலவசம். எங்களுடையது அந்தியோதயா அட்டை, அதாவது மிக ஏழைக் குடும்பங்களுக்கான அட்டை என்பதால் மாதம் 35 கிலோ. இந்த முறை வந்த புழுங்கல் அரிசி கொஞ்சம் பழுப்பு, கல் அதிகமில்லை. மூன்று தண்ணீரில் கழுவினால் வாடை போய்விடுகிறது. மறுநாள் பழைய சோற்றுக்கு விலை அரிசியைவிட இதுதான் தோது.

பருப்பு, பாமாயில் கதை வேறு. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் 25 ரூபாய், ஆனால் இருந்தால்தானே! "அடுத்த வாரம் வாம்மா" என்கிறார்கள். டவுன்காரர்களுக்கு அது தெருமுனை வரை நடை. எனக்கு இரண்டு கிலோமீட்டர் ஏற்றம், ஒரு நாள் கூலி. அப்புறம் அந்த கைரேகை மெஷின். மரவள்ளி பிடுங்கித் தேய்ந்த அத்தையின் விரலை முந்தானையில் துடைத்துத் துடைத்து வைத்தோம், ஏற்கவில்லை. கடைசியில் என் ரேகைதான் பதிந்தது.

முன்பெல்லாம் வீட்டில் சாமை இருக்கும். இப்போது காடு முழுக்க ஜவ்வரிசி ஆலைக்குப் போகும் மரவள்ளி. காசு வருஷத்துக்கு ஒரு தடவை, வெட்டின பிறகுதான். அதற்கு முந்தைய மாதங்களில் பானையில் சோறு இருக்கும், ஊற்றிக்கொள்ள ரசம்தான். பிள்ளைகள் பருப்பு கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

போகிறவர்கள் சில்லறையும் இரண்டு பையும் எடுத்துப் போங்கள். சாக்கு தரமாட்டார்கள்.