ரங்கநாதன் தெருவா, பாண்டி பஜாரா?

சென்னை தி.நகரில் நடந்தே சுற்றிப் பொருள் வாங்க இரண்டு இடங்கள் உண்டு. ரங்கநாதன் தெருவை யாரும் நடைத்தெருவாகத் திட்டமிடவில்லை. வண்டிகளை வெளியே தள்ளியது கூட்டம்தான். பாண்டி பஜாரை அரசு சுமார் 40 கோடி ரூபாயில் நடைபாதை வளாகமாக்கி 2019 நவம்பரில் திறந்தது. ஆனால் அங்கே இன்றும் நடுவில் வண்டி ஓடுகிறது.

இந்த வேற்றுமை பிறப்பிலேயே இருக்கிறது. 1920களில் மாம்பலம் பக்கத்து நெடிய ஏரியைத் தூர்த்து, சர் பிட்டி தியாகராயர் பெயரில் எழுந்த நகர் இது. சாலைகளுக்கும் பூங்காவுக்கும் அன்று சென்னை மாகாணத்தை ஆண்ட நீதிக்கட்சிக்காரர்களின் பெயர்கள்: உஸ்மான், தணிகாசலம், பனகல் அரசர். பாண்டி பஜார் இருக்கும் தியாகராய சாலை அந்தத் திட்டத்திலேயே அகலமாக விழுந்த பெரிய சாலை. 'பாண்டி' என்பது பாண்டிச்சேரி என்று பலர் நினைக்கிறார்கள். அது 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனாரின் பெயர்.

ரங்கநாதன் தெருவோ வெறும் குடியிருப்புத் தெரு. 1931-ல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. மாம்பலத்தில் இறங்குபவர் உஸ்மான் ரோட்டுக்குப் போக நேர்வழி இந்தத் தெருதான். ஆள் நடமாட்டம் பெருகப் பெருக வீடுகள் கடைகளாயின, கடைகள் மாடி மாடியாக ஏறின. தெருவின் அகலம் மட்டும் பழையபடியே நின்றது.

விலையில் ரங்கநாதன் தெருவுக்கு ஈடில்லை. எவர்சில்வர், நைட்டி, பிளாஸ்டிக் சாமான், கிளிப், வளையல் எல்லாமே லாபத்தைக் குறைத்து அளவில் சம்பாதிக்கும் வியாபாரம். வார நாளில் கடை திறந்த கையோடு போய்விடுங்கள். மாலை ஐந்துக்கு மேல், தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் எந்த நேரமும், நகர முடியாது. துணியை முதலில் பாருங்கள், பாத்திரத்தைக் கடைசியில் வாங்குங்கள். கனத்த கட்டைப் பையோடு அந்த நெரிசலில் திரும்ப முடியாது. கூட வந்தவர்கள் பிரிந்தால் எங்கே சந்திப்பது என்று தெருவுக்கு வெளியே ஓர் இடத்தைச் சொல்லி வையுங்கள். உள்ளே கூவலில் போன் மணி கேட்காது.

நெரிசலுக்குக் காரணம் கூட்டம் மட்டுமல்ல. எதிரெதிராக இரண்டு ஓட்டங்கள், நடுவில் தரைக்கடை, வாசலில் பொம்மைக்கு மாட்டிய சுடிதார். ஒருவர் விலை கேட்க நின்றால் பின்னால் வரிசையே நிற்கும். 2008 செப்டம்பரில் ஒரு பெரிய கடையில் தீப்பிடித்து ஊழியர் இருவர் இறந்தனர். தீயணைப்பு வண்டி புகுந்து திரும்ப இடமில்லாத தெருவில் பல மாடிக் கடைகள் நெருங்கி நிற்பது சாதாரண விஷயமல்ல. மாடி ஏறும்போதே மாற்றுப் படிக்கட்டு எங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பாண்டி பஜாரில் செருப்பு, கைப்பை, கவரிங் நகை, பிராண்டு துணி. விலை கூடுதல்தான். ஆனால் மர நிழல், உட்கார இடம், குழந்தை வண்டியைத் தள்ளிப்போகும் அகலம் எல்லாம் உண்டு. முதியவர்களோடு வருபவர்கள் வேறு யோசனையே செய்ய வேண்டாம். பனகல் பார்க்கில் தொடங்கி ஒரு பக்கத்தை முழுதாக முடித்து, தணிகாசலம் சாலை சிக்னலில் கடந்து மறுபக்கமாகத் திரும்புங்கள். இடையில் குறுக்கே கடப்பதுதான் ஆபத்து. கெடுப்பது எதுவென்றால், நடைபாதையில் ஏற்றி நிறுத்தும் பைக்குகள். பக்கத்திலேயே பல அடுக்கு வாகன நிறுத்தம் இருந்தும் இது நடக்கிறது.

உடம்புக்குச் சுகம் பாண்டி பஜார். நடப்பவர்களால் மட்டுமே வாழும் தெரு என்றால் அது ரங்கநாதன் தெருதான். காரணம், ஒரு முனையில் ரயில் ஆட்களைக் கொட்டுகிறது. 2023-ல் திறந்த 570 மீட்டர் ஆகாய நடைபாதை, மாம்பலத்திலிருந்து பேருந்து நிலையம் போகிறவர்களை மேலேயே கடத்திவிடுகிறது. எதுவும் வாங்காமல் தெருவைக் கடப்பவர்களுக்கு அதுவே வழி.

பாண்டி பஜாருக்கு இதுவரை வாய்க்காதது வாசலில் இறக்கிவிடும் ரயில். இரண்டாம் கட்ட மெட்ரோவில் பனகல் பார்க்கில் சுரங்க நிலையம் இருக்கிறது. ரயில் ஓடத் தொடங்கும் நாளில் அந்த நடுச்சாலையையும் நடப்பவர்களுக்கே விட்டுவிட வேண்டும்.