வார்ஃப்டேலா, கெஃப்பா, பி அண்ட் டபிள்யூவா: கை மாறின பிறகு யாரு நல்லா இருக்காங்க?

பழைய பிரிட்டிஷ் ஸ்பீக்கர் கம்பெனி பேரை எடுத்தாலே "அதெல்லாம் இப்ப சீனாக்காரன் கையில, பழைய தரம் எங்க இருக்கும்"னு ஒருத்தர் சொல்லிடுவார். எனக்கு இதுல உடன்பாடு இல்ல. வாங்கினவன் எந்த நாட்டுக்காரன்ங்கிறத விட அவனுக்கு ஸ்பீக்கர் செய்யத் தெரியுமா, வாங்கினத எவ்வளவு காலம் கையில வெச்சிருந்தான், இத பாத்தாதான் கம்பெனியோட தலையெழுத்து தெரியும்.

வார்ஃப்டேலை 1932ல கில்பர்ட் பிரிக்ஸ் யார்க்ஷையர்ல இல்க்லிங்கிற ஊர்ல தன் வீட்டு நிலவறையில ஆரம்பிச்சார். 1950கள்ல லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹால்ல ஆளுங்க நேர்ல வாசிக்கிறதையும் ஸ்பீக்கர்ல வர்றதையும் மாத்தி மாத்திக் கேக்க வெச்சு அரங்கத்தையே நிறைச்ச மனுஷன். 1958ல கம்பெனியை ரேங்க் குழுமத்துக்கு வித்துட்டார், அங்க டெக்னிக்கல் பொறுப்புல இருந்த ரேமண்ட் குக்குக்கு புது முதலாளிங்களோட ஒத்துப்போகல, வெளிய வந்து 1961ல கென்ட்ல மெய்ட்ஸ்டோன்ல கெஃப் ஆரம்பிச்சார். ஆக வார்ஃப்டேல் கை மாறினதாலதான் கெஃப்பே பொறந்துச்சு.

கெஃப் முதல்ல இருந்தே ஆராய்ச்சிப் பைத்தியம். ஸ்பீக்கர்ல அதிர்ந்து சத்தம் குடுக்கிற கோனை எல்லாரும் பேப்பர்ல செஞ்சுட்டு இருந்தப்ப இவங்க பிளாஸ்டிக் கோனுக்குப் போனாங்க, பிபிசி வடிவமைச்ச எல்எஸ்3/5ஏங்கிற சின்ன ஸ்பீக்கர்ல உள்ள இருக்கிற வூஃபரும் (கீழ்ஸ்தாயிக்கு) ட்வீட்டரும் (மேல்ஸ்தாயிக்கு) கெஃப் செஞ்சதுதான், பாக்ஸ் மேல ரோஜர்ஸ்னோ ஸ்பெண்டார்னோ பேரு இருக்கும். 1988ல யூனி-க்யூ வந்துச்சு, அதாவது வூஃபர் கோனோட நடு மையத்துலயே ட்வீட்டர். இது டேனாய்ங்கிற இன்னொரு பிரிட்டிஷ் கம்பெனி 1947லயே டூயல் கான்சென்ட்ரிக்னு பண்ண ஐடியாதான், ஆனா நியோடிமியம் காந்தம் வந்த பிறகு ட்வீட்டரை ரொம்பச் சின்னதாக்க முடிஞ்சது, அதனாலதான் சின்ன பாக்ஸ்ல கூட கெஃப்பால இத போட முடிஞ்சது. இவ்வளவு திறமை இருந்தும் காசு கையில நிக்கல, 1992ல ஹாங்காங் கோல்ட் பீக் வாங்குச்சு. வாங்கினவங்க மெய்ட்ஸ்டோன்ல இருந்த ஆராய்ச்சியை மூடல, இதுதான் முக்கியம். 2012ல எல்எஸ்50ங்கிற சின்ன ஸ்பீக்கர், அப்புறம் அதுலயே வயர்லெஸ், 2020ல மெட்டா (ட்வீட்டருக்குப் பின்னாடி போற சத்தத்தை உறிஞ்சுறதுக்கு புதிர்ப்பாதை மாதிரி ஒரு தட்டு வெச்சிருப்பாங்க), எல்லாமே வித்த பிறகு வந்ததுதான்.

வார்ஃப்டேலுக்கு அந்த அதிர்ஷ்டம் கொஞ்சம் லேட். நடுவுல பிரிட்டன் கடைகள்ல அந்தப் பேரை மலிவு டிவியில எல்லாம் ஒட்டி வித்தாங்க, பாக்கவே மனசு கஷ்டமா இருக்கும். ஆனா 1990கள்லயே வாங்கின ஐஏஜி, சாங் இரட்டைச் சகோதரர்களோட கம்பெனி, பாக்ஸ்ல இருந்து ட்ரைவர் (உள்ள இருக்கிற வூஃபர், ட்வீட்டர்) வரைக்கும் சொந்த ஃபேக்டரியிலயே செய்யிறவங்க. 2019ல லிண்டன்ங்கிற பழைய மாடலை திரும்பக் கொண்டு வந்தாங்க, அகலமான மரப்பெட்டி, 8 இஞ்ச் வூஃபர், த்ரீ வே (கீழ், நடு, மேல் ஸ்தாயிக்குத் தனித்தனி ட்ரைவர்), ஸ்டாண்டுக்குள்ளயே எல்பி ரெக்கார்ட் அடுக்க இடம்.

பி அண்ட் டபிள்யூ கதை வேற. 1966ல வொர்திங்ல ஆரம்பிச்சது, 1979ல வந்த 801ங்கிற ஸ்பீக்கர் லண்டன்ல பாட்டுப் பதிவு பண்ற அபே ரோடு ஸ்டுடியோவுக்குள்ளயே போச்சு, அந்த உச்சத்த மத்த ரெண்டும் தொட்டதில்லன்னே சொல்வேன். ஆனா 2016ல ஈவா ஆட்டோமேஷன்னு ஒரு சிலிக்கான் வேலி ஸ்டார்ட்அப், 2020ல சவுண்ட் யுனைடெட்ங்கிற ஆடியோ குழுமம், 2022ல மாசிமோ, 2025ல சாம்சங்கோட ஹர்மன், பத்து வருஷத்துக்குள்ள நாலு முதலாளி. மாசிமோ ஆஸ்பத்திரில விரல்ல மாட்டுற ஆக்சிஜன் மீட்டர் செய்யிற கம்பெனி, சவுண்ட் யுனைடெட்டை 100 கோடி டாலருக்கு மேல குடுத்து வாங்கி மூணு வருஷத்துல 35 கோடிக்கு ஹர்மன்கிட்ட தள்ளிட்டாங்க. இவ்வளவு குழப்பத்துலயும் அந்த 801 வந்த 800 வரிசை ஸ்பீக்கரை வொர்திங்ல தொடர்ந்து செஞ்சுட்டு இருந்தாங்கன்னா அது அங்க வேலை செய்யிறவங்களோட பெருமை, முதலாளிங்களோடது இல்ல. ஹர்மன்கிட்ட ஜேபிஎல், ரெவெல் ரெண்டும் ஏற்கனவே இருக்கு, அதுல ரெவெல் இதே விலைக்கு நேரடி போட்டி, அதான் எனக்குக் கவலை. ஆனா ஜேபிஎல்லோட எல்100ங்கிற பழைய ஸ்பீக்கரை 2018ல அந்த ஸ்பாஞ்ச் கட்டம் போட்ட முகத்தோட திரும்பக் கொண்டு வந்ததும் இதே ஹர்மன்தான்.

சரி, எத வாங்குறது? சின்ன ரூம், ஸ்பீக்கருக்கு நேர் எதிர்ல உக்காந்து கேக்கற ஆள்னா எல்எஸ்50 மெட்டா, பாடறவங்க எங்க நிக்கிறாங்கன்னு கை காட்டிச் சொல்லலாம். ஆனா சென்சிட்டிவிட்டி (அதே பவருக்கு எவ்வளவு சத்தம் வரும்ங்கிற கணக்கு) 85 டெசிபல்தான், ஆம்ப்ளிஃபயர் நல்லா தெம்பா இருக்கணும், கீழ்ஸ்தாயி வேணும்னா சப்வூஃபர் தனியா. லிண்டன் 90 டெசிபல், சுமாரான ஆம்ப்புக்கே தாராளமா பாடும், மிருதங்கம் தொப்பிப் பக்கம் உடம்புல படும், மணிக்கணக்கா கேட்டாலும் காது களைக்காது, ஆனா இடம் அடைக்கும். பி அண்ட் டபிள்யூ 600 வரிசை பளிச்சுனு இருக்கும், கடையில பத்து நிமிஷம் கேட்டா அதுதான் ஜெயிக்கும், டைல்ஸ் தரை, வெறும் சுவர் உள்ள ஹால்ல அந்த மேல்ஸ்தாயி எனக்கு உறுத்தும். என் காசா இருந்தா லிண்டன், அந்தப் பெட்டிய வைக்க இடம் இல்லாதவங்களுக்கு மட்டும் கெஃப்.