லெக் எக்ஸ்டென்ஷன் மெஷின்: முன்தொடைக்கு எந்த மாடல் தேறும்?

ஸ்குவாட் (உட்கார்ந்து எழும் பயிற்சி) போட்டாலே முன்தொடை முழுக்க வளரும் என்பது பாதி உண்மைதான். அங்குள்ள நான்கு தசைகளில் மூன்று வாஸ்டஸ் தசைகளும் முழங்காலை மட்டும் நீட்டுபவை. அவற்றுக்கு ஸ்குவாட் தாராளம். ரெக்டஸ் ஃபெமோரிஸ் வேறு ரகம். இடுப்பெலும்பில் தொடங்கி இரண்டு மூட்டுகளைக் கடக்கிறது. ஸ்குவாட்டில் எழும்போது முழங்கால் பக்கம் சுருங்கும், இடுப்புப் பக்கம் இழுபடும். நீளம் பெரிதாக மாறாததால் அதற்கு வேலை குறைவு. உட்கார்ந்தபடி காலை நீட்டி எடை தூக்கும் இந்த மெஷினுக்குக் காசு கொடுப்பது இந்த ஒரு தசைக்காகத்தான்.

ஆகவே 90 டிகிரியில் விறைப்பாக உட்காரவைக்கும் மாடல் வேண்டாம். அதில் ரெக்டஸ் ஏற்கெனவே சுருங்கிக் கிடக்கும், காலை முழுதாக நீட்டும் இடத்தில் பலம் கிடைக்காது. முதுகுப்பகுதி பின்னால் சாய்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அடுத்தது அச்சு. மெஷினின் சுழலும் மையம் முழங்கால் மூட்டுக்கு நேராக வரவேண்டும். வராவிட்டால் கணுக்காலுக்குச் சற்று மேலே வைத்த பேட், ஒவ்வொரு முறை தூக்கும்போதும் கணைக்கால் எலும்பில் மேலும் கீழும் உரசும். சீட்டையோ முதுகுப்பகுதியையோ முன்பின் நகர்த்த வழியில்லாத மாடலில் இதைச் சரிசெய்யவே முடியாது.

பக்கக் கைப்பிடி உறுதியாக இருக்கட்டும். எடை ஏறினால் இடுப்பு சீட்டை விட்டு எழும்பும்.