கிராப்ஸ் டேபிளில் டீலர் தலையாட்டியதை நம்பாதீர்கள், என் 450 டாலர் அப்படித்தான் போனது

முந்தாநாள்தான் கப்பலிலிருந்து இறங்கினேன், கோபம் இன்னும் ஆறவில்லை. சொகுசுக் கப்பல் ஒன்றின் காசினோவில், இரண்டு பகடைகளை உருட்டி ஆடும் கிராப்ஸ் டேபிளில், நான் ஜெயித்த 450 டாலரைத் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். தோற்றிருந்தால் இந்தப் பதிவே வந்திருக்காது. ஆடப் போனால் தோற்கவும் வேண்டியிருக்கும், அது தெரிந்துதான் போகிறோம். ஜெயித்த பணத்தை முகத்துக்கு நேராக இல்லை என்றால் எப்படிப் பொறுப்பது?

நடந்ததைச் சொல்கிறேன். நல்ல கூட்டம், நான் டேபிளின் வளைவில் நின்றேன். ஹார்ட்வே, அதாவது இரண்டு பகடையிலும் ஒரே எண் விழும் என்று கட்டும் பந்தயம், அதன் கட்டங்கள் நடுவில் இருக்கும், அங்கே நம் கை எட்டாது. பணத்துக்குப் பதிலாக வைக்கும் சிப்பை உள்ளே போட்டு பெட்டை வாயால் சொல்ல வேண்டும், குச்சி பிடித்திருக்கும் ஸ்டிக்மேன் அதை எடுத்து, நாம் நிற்கும் இடத்துக்கு ஏற்றபடி கட்டத்துக்குள் வைப்பார். எந்தச் சிப் யாருடையது என்று அவர்களுக்குத் தெரிவதே அந்த இடத்தை வைத்துத்தான். நான் இரண்டு 25 டாலர் சிப்பைப் போட்டு "ஹார்ட் எயிட், ஐம்பது" என்று சத்தமாகவே சொன்னேன். ஏழோ வேறு விதமான எட்டோ விழுமுன் 4-4 விழும் என்று அர்த்தம். ஸ்டிக்மேன் என் கண்ணைப் பார்த்துத் தலையாட்டினார். என் பக்கத்து டீலர் "யூ ஆர் குட்" என்றார். சிப் இரண்டும் கட்டத்துக்கு வெளியே கோட்டை ஒட்டிக் கிடந்தன, ஸ்டிக்மேன் அதற்குள் பகடையைத் தள்ளிவிட்டார். கண்ணைப் பார்த்துத் தலையாட்டியிருக்கிறார், வாயால் வேறு சொல்லியிருக்கிறார்கள், இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நான் நிம்மதியாக நின்றேன்.

விழுந்தது 4-4. டேபிளே கத்தியது. ஒன்றுக்கு ஒன்பது, 50க்கு 450. நான் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறேன், ஸ்டிக்மேன் குச்சியால் என் இரண்டு சிப்பையும் என்னிடமே தள்ளி "நோ பெட்" என்கிறார்.

டேபிளுக்குப் பொறுப்பாக உட்கார்ந்திருக்கும் பாக்ஸ்மேனிடம் கேட்டேன். "அவர் உங்கள் பெட்டைத் திருப்பிச் சொல்லவில்லை, அதனால் அது புக் ஆகவில்லை" என்றார், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தலையாட்டினாரே என்றேன். இந்த ரோல் முடியட்டும், பேசுவோம் என்றார். அதற்குள் இரண்டு ரோல் போய்விட்டது. அந்தக் குழப்பத்தில் நான் சிப்பைக் கையில் எடுத்துவிட்டேன். அப்புறம் கேட்டால் "நீங்களே எடுத்துக்கொண்டீர்களே" என்கிறார்கள்!

என் வயிறு எரிவது எதனால் தெரியுமா? அதற்குப் பத்து நிமிடம் முன்பு இதே ஆளிடம், இதே மாதிரி 25 டாலர் சிப்பைப் போட்டு ஹார்ட் சிக்ஸ், அதாவது 3-3, சொன்னேன். அதே தலையாட்டல், சிப் அதே மாதிரி கட்டத்துக்கு வெளியே. ஏழு விழுந்தது, சிப்பை வாரிக்கொண்டு போனார்கள். அப்போது ஒருவரும் நோ பெட் என்று சொல்லவில்லை. தோற்றால் பெட், ஜெயித்தால் நோ பெட். ஹார்ட் எயிட்டுக்கு 4-4 என்ற ஒரே வழிதான், தோற்க ஏழில் ஆறு வழி, மற்ற எட்டில் நாலு வழி. கணக்குப்படி ஒன்றுக்குப் பத்து தர வேண்டும், அவர்கள் ஒன்பதுதான் தருகிறார்கள். அந்த லாபம் தெரிந்துதானே வைக்கிறோம், அதற்கு மேல் இதுவும் வேண்டுமா?

ஃப்ளோர் சூப்பர்வைசர் வந்தார், மரியாதையாகத்தான் பேசினார். கேமரா பார்க்க வேண்டும், நாளைக் காலை வாருங்கள் என்றார். காலையில் கப்பல் துறைமுகத்தில் நிற்கிறது, காசினோவே மூடியிருக்கிறது. சாயங்காலம் கப்பல் கிளம்பிய பிறகு போனால் வேறொருவர் இருக்கிறார், மறுபடி முதலிலிருந்து சொன்னேன். உள்ளே போய்விட்டு வந்து, "படம் இருக்கிறது, சத்தம் பதிவாகவில்லை. தலையாட்டியது உங்களுக்கா பக்கத்தில் நின்றவருக்கா என்று சொல்ல முடியாது" என்றார். எனக்குக் காட்டுங்கள் என்றேன், முடியாதாம். அந்த ஹார்ட் சிக்ஸையும் பாருங்கள் என்றேன், அதற்குப் பதிலே இல்லை. கப்பலின் வரவேற்பு மேசையில் ஒரு படிவம் கொடுத்தார்கள், கூடவே ஒரு குளிர்பானக் கூப்பன். 450 டாலருக்குக் கூப்பன்! நேற்று மின்னஞ்சலில் இரண்டு வரி வந்தது, நிர்வாகத்தின் முடிவே இறுதியானது என்று.

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் என்றால், 500 டாலரும் அதற்கு மேலும் உள்ள தகராறைக் காசினோவே சூதாட்டத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான கேமிங் கன்ட்ரோல் போர்டுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால், போர்டிடம் விசாரணை கேட்க உங்களுக்கு உரிமை உண்டு என்று சொல்லியாக வேண்டும். என் 450ஐ வெளியாள் ஒருவராவது காது கொடுத்துக் கேட்டிருப்பார். நடுக்கடலில் நான் யாரிடம் போவேன்?

எப்படித் தப்பிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. டீலர் உங்கள் பெட்டின் பெயரையும் தொகையையும் வாயால் திருப்பிச் சொல்லாவிட்டால், பகடை கிளம்புமுன் சிப்பைத் திரும்பக் கேளுங்கள். சிப் கட்டத்துக்குள், உங்களுக்குரிய இடத்தில் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பகடை நகர ஆரம்பித்த பிறகு பெட் சொல்லவே சொல்லாதீர்கள். தகராறு வந்தால் அந்தச் சிப்பைத் தொடாதீர்கள், அடுத்த ரோலுக்கு முன்பே சூப்பர்வைசரைக் கூப்பிடச் சொல்லுங்கள், கேமராவை அப்போதே பார்க்கச் சொல்லுங்கள். நேரம், டேபிள், டீலர் சட்டையில் இருக்கும் பெயர், மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். நான் நேரத்தைக் குறிக்கவில்லை.

அந்த ஹார்ட் சிக்ஸ் ரோலையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி நேற்றிரவு இன்னொரு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். இதை எழுதி முடிக்கும்வரை பதில் இல்லை.