லூஸ்ல விக்கிற நாய் சாப்பாடு வாங்கறவங்க தயவு செஞ்சு இத படிங்க

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் நாய் வளக்கறவங்க, அதுலயும் தொட்டதுக்கெல்லாம் வயிறு கெட்டுப் போற நாய் வெச்சிருக்கறவங்க, இத முழுசா படிங்க. கொஞ்சம் நீளமா போகும். மனசுல இருக்கறத எல்லாம் கொட்டிடணும்னு தான் எழுதறேன், எங்களுக்கு நடந்தது இன்னொரு வீட்டுல நடக்கக் கூடாது.

எங்க செம்பிக்கு 4 வயசு, 17 கிலோ, நாட்டு நாய் தான். காட்பாடி ஜங்ஷன் ஆட்டோ ஸ்டாண்டு பக்கத்துல மழையில நனைஞ்சுகினு கெடந்த குட்டிய பையன் சட்டைக்குள்ள வெச்சு தூக்கினு வந்தான். வந்த மூணாவது வாரமே பார்வோ, குட்டி நாய்ங்களுக்கு வாந்தியும் ரத்த பேதியுமா வர்ற வைரஸ் நோய். பொழைக்காதுன்னு தான் எல்லாரும் சொன்னாங்க, பொழைச்சுது, ஆனா அன்னையில இருந்து அதுக்கு வயிறு வீக்கு. பால் ஊத்தினா பேதி, தெருவுல யாராவது பிரியாணி எலும்பு போட்டா ரெண்டு நாளைக்கு வாந்தி. (பிரியாணி போடறவங்களுக்கு ஒரு வார்த்தை, அதுல இருக்கற வெங்காயமும் பூண்டும் நாயோட ரத்தத்தையே கெடுக்கும், வெந்த எலும்பு உடைஞ்சு குடல்ல குத்தும், பாசத்துல போடறது தான் ஆனா வேணாம்.) ரெண்டு வருஷம் அலைஞ்சு கடைசியில கோழியும் அரிசியும் சேர்ந்த ஒரு கம்பெனி பாக்கெட் சாப்பாடு ஒத்துக்கிச்சு. டாக்டரும் அப்பவே தெளிவா சொன்னாரு, எது ஒத்துக்குதோ அதையே போடுங்கம்மா, தினுசு தினுசா மாத்தாதீங்க, மாத்தியே ஆகணும்னா பழசோட புதுச கொஞ்சம் கொஞ்சமா கலந்து ஒரு வாரம் பத்து நாள் எடுத்துக்கோங்கன்னு.

பிரச்சனை காசு தான். பாக்கெட்டுல வாங்கினா கிலோ 260 ரூபா வருது, செம்பி ஒரு நாளைக்கு கால் கிலோ சாப்பிடுது, மாசம் ஏழரை கிலோ, கிட்டத்தட்ட 2,000 ரூபா. எங்க வீட்டுக்காரர் ராணிப்பேட்டையில ஷூ கம்பெனியில வேலை, ரெண்டு மாசமா ஓவர்டைம் கிடையாது. அந்த நேரத்துல தான் இந்த கடை கண்ணுல பட்டுது. கடை பேர் இங்க போடல, புகார் குடுத்திருக்கேன், அது ஒரு முடிவுக்கு வரட்டும். வாசல்லயே மூட்டை மூட்டையா வாயை பிரிச்சு வெச்சிருப்பாங்க, மேல ஒரு தகர கூரை, ஸ்கூப்ல அள்ளி தராசுல போட்டு கறுப்பு கவர்ல கட்டித் தருவாங்க. கடைக்காரர் வயசானவரு, நல்லா மரியாதையா பேசுவாரு. "இன்னாம்மா நீங்க, அதே கம்பெனி மால் தான் இது, 20 கிலோ மூட்டை பிரிச்சு தரேன், வெறும் கவருக்கு போயி இன்னாத்துக்கு அம்மாம் காசு குடுக்கறீங்க"ன்னாரு. கிலோ 140 தான். மூட்டை மேல அந்த கம்பெனி பேர் படத்தோட இருந்துச்சு, நானே கண்ணால பாத்தேன், நம்பிட்டேன்.

முதல் மாசம் எந்த குறையும் இல்ல, அதயும் சொல்லணும். நெஜமாவே அதே சாப்பாடு தான் குடுத்திருக்காரு, செம்பியும் நல்லா சாப்பிட்டுது, மாசம் 900 ரூபா மிச்சம்னு நான் சந்தோஷமா இருந்தேன், பக்கத்து தெரு அக்காகிட்ட கூட அந்த கடைய சொல்லி அனுப்பினேன், அத நெனச்சா தான் இப்ப வயித்தெரிச்சலா இருக்கு.

ரெண்டாவது தடவை 5 கிலோ வாங்கினேன், மே மாசம் நடு வெயில்ல. மூணாவது நாளே லூசா போக ஆரம்பிச்சுது. கடைக்கு போயி கேட்டா, வெயில் சூடும்மா, பூச்சி மாத்திரை எப்ப போட்டீங்கன்னு என்னையே திருப்பிக் கேட்டாரு. ரெண்டு மாசம் முன்ன தான் போட்டேன்னேன். அப்ப இது செரிமான டானிக் போடுங்கன்னு 320 ரூபாய்க்கு ஒரு பாட்டிலை கையில குடுத்தாரு. வாங்கினு வந்து ஊத்தினேன், ஆனா சாப்பாடு அதே தான போட்டுகினு இருந்தேன், எப்படி நிக்கும். அஞ்சாவது நாள் சளி மாதிரி போச்சு, ஆறாவது நாள் ராத்திரி 11 மணிக்கு ரத்தம். தண்ணி குடிச்சா அதயும் கக்கிடுச்சு. பையன் அது பக்கத்துலயே தரையில படுத்துகினு அழறான். கழுத்துக்கு பின்னால தோலை புடிச்சு தூக்கி விட்டா ஒடனே கீழ எறங்கணும், செம்பிக்கு அது அப்படியே கூடாரம் மாதிரி நின்னுச்சு, ஈறு தொட்டா பிசுபிசுன்னு காஞ்சிருந்துச்சு. ஒடம்புல தண்ணியே இல்லன்னு அர்த்தம் அது. நாய் வெச்சிருக்கறவங்க இந்த ரெண்டையும் தெரிஞ்சு வெச்சுக்கோங்க, ரத்தமோ இந்த மாதிரி அறிகுறியோ பாத்தா காலையில பாத்துக்கலாம்னு படுக்காதீங்க.

ஆட்டோ புடிச்சு ஒரு பிரைவேட் டாக்டர்கிட்ட ஓடினோம், டிரிப்ஸ், ஊசி, எல்லாம் சேர்ந்து 1,800 ரூபா. மறுநாள்ல இருந்து மூணு நாள் மாட்டாஸ்பத்திரியில தொடர்ந்து டிரிப்ஸ். அங்க இருந்த டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே "என்ன சாப்பாடு போடறீங்க, பாக்கெட்டை கொண்டு வந்தீங்களா"ன்னு தான். என்கிட்ட பாக்கெட் எங்க இருக்கு, கறுப்பு கவர் தான் இருக்கு. அதுல தேதி இல்ல, பேட்ச் நம்பர் இல்ல, என்ன கலந்திருக்குன்னு ஒரு வரி இல்ல. அங்க நின்னப்ப தான் எனக்கு ஒறைச்சுது, ரெண்டு வருஷமா இந்த நாய்க்கு ஒரே சாப்பாடு போடறோம்னு பெருமையா இருந்த நான், அது வாயில இப்ப என்ன போடறேன்னே தெரியாம போட்டுகினு இருந்திருக்கேன்.

வீட்டுக்கு வந்ததும் மிச்சம் இருந்தத முறத்துல கொட்டி வாசல் வெளிச்சத்துல உக்காந்து அரிசி பொறுக்கற மாதிரி பொறுக்கினேன். எங்க அத்தையும் கூட உக்காந்தாங்க. முறத்த ஒரு தட்டு தட்டினதுமே அடியில மஞ்சளா மாவு எறங்குச்சு, அதுல ரெண்டு வண்டு நெளியுது. அப்பறம் உருண்டையா காப்பி கலர்ல இருக்கறது ஒரு குமி, அது தான் எங்க பழைய சாப்பாடு, பாதி கூட இல்ல. செவப்பா சதுரமா இருக்கறது ஒரு குமி. பொடிசா குட்டி நாய்க்கு போடற சைஸ்ல ஒரு குமி. அதுக்கும் கீழ மீன் வடிவத்துல குட்டி குட்டியா, நான் மொதல்ல உடைஞ்ச துண்டுன்னு நெனச்சேன், அத்தை தான் கையில எடுத்து "இது மீனாட்டம் கீதே"ன்னாங்க. அது பூனை சாப்பாடு. பூனை சாப்பாட்டுல நாய் சாப்பாட்ட விட கொழுப்பும் புரோட்டீனும் ஜாஸ்தி, நல்ல வயிறு இருக்கற நாய்க்கே அதனால பேதியாகலாம், செம்பிக்கு சொல்லவே வேணாம். மூட்டை அடியில மிஞ்சினது, விக்காதது, கவர் கிழிஞ்சது எல்லாத்தையும் அந்த கம்பெனி பேர் போட்ட மூட்டைக்குள்ள கொட்டி மேல நல்லத பரப்பி வெச்சிருக்காங்க.

ஒண்ண எடுத்து விரல்ல நசுக்கி மோந்து பாத்தேன், பல தடவை பொரிச்ச கடலெண்ணெய் மாதிரி சிக்கு வாடை. டாக்டரம்மாகிட்ட கொண்டு போய் காட்டினப்ப சொன்னாங்க, இந்த உருண்டைங்க மேல கொழுப்பு பூசி தான் கம்பெனில இருந்து வரும், அந்த வாசனைக்கு தான் நாய் சாப்பிடுது, காத்தும் சூடும் பட்டா அந்த கொழுப்பு தான் மொதல்ல கெடும்னு. நம்ம ஊர் வெயில் தெரியும் இல்ல, 40 டிகிரிக்கு மேல அடிக்குது, தகர கூரைக்கு கீழ வாய் தொறந்த மூட்டை எத்தனை நாள் கெடந்துச்சோ.

முறத்தோட கவரையும் எடுத்துகினு கடைக்கு போனேன். கடைக்காரர் மரியாதை எல்லாம் அன்னைக்கு காணோம். "எங்க வாங்கினியோ யாருக்கு தெரியும், பில்லு இருக்கா"ன்னாரு. பில் கேட்டப்ப "லூஸ் ஐட்டத்துக்கு ஏதும்மா பில்லு"ன்னு சொன்னவரும் இவரே தான். ஜிபே பண்ணினத போன்ல காட்டினேன், அது மீன் தொட்டிக்கு வாங்கினதா கூட இருக்கும்னு சொல்லிட்டு அடுத்த ஆளுக்கு அள்ள போயிட்டாரு. அடுத்த ஆள் காலேஜ் படிக்கற பையன், அவன்கிட்ட முறத்த காட்டினேன், பாத்துட்டு வாங்காம போயிட்டான். எனக்கு அன்னைக்கு கெடச்ச ஒரே ஆறுதல் அது தான்.

1915க்கு போன் பண்ணினேன், அது நுகர்வோர் உதவி எண், தமிழ்லயே பேசலாம். அதுக்கப்பறம் தெரிஞ்சவர் ஒரு வக்கீல்கிட்டயும் கேட்டேன். பொருள் வித்துட்டு பில் தராம இருக்கறதே 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி தப்பு, பில்லுல வேற நாள் கணக்கு போடலன்னா கெட்டுப் போன பொருள 30 நாளைக்குள்ள திருப்பி எடுக்க மாட்டேன்னு சொல்றதும் தப்பு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல 5 லட்சம் வரைக்குமான பொருளுக்கு கேஸ் போட ஃபீஸே கிடையாது. திங்கக்கிழமை சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர்வு கூட்டத்துலயும் மனு குடுத்துட்டேன். என்னோட 700 ரூபா சாப்பாட்டு காசும் 320 ரூபா டானிக் காசும் வரும்னு பெருசா நம்பிக்கை இல்ல, அந்த மூட்டைங்கள ஒரு ஆளாவது வந்து பாக்கணும்.

நீங்க கேக்கலாம், காசு இல்லாதவங்க பின்ன என்ன தான் பண்றதுன்னு. நானும் அதயே தான் டாக்டரம்மாகிட்ட கேட்டேன். பேதி நிக்கற வரைக்கும் குழைய வேக வெச்ச சோறு ரெண்டு பங்கு, தோல் எலும்பு இல்லாத கோழி வேக வெச்சு பிச்சுப் போட்டது ஒரு பங்கு, உப்பு மசாலா எதுவும் இல்லாம, ஒரே நேரத்துல வைக்காம நாலு வேளையா கொஞ்சம் கொஞ்சமா. கூட ரெண்டு ஸ்பூன் மஞ்சப் பூசணி வேக வெச்சு மசிச்சது. நமக்கு வாங்கின பேதி மாத்திரைய பாதியா உடைச்சு குடுக்கற வேலையே வேணாம்னு கண்டிப்பா சொன்னாங்க. நாலாவது நாள் செம்பி எழுந்து வாசல் வரைக்கும் வந்துச்சு, ஒரு வாரத்துல கட்டியா போச்சு. இதயே காலத்துக்கும் போடலாமான்னு கேட்டேன், சோறும் கோழியும் மட்டும்னா சுண்ணாம்புச் சத்து பத்தாது, மத்த சத்தும் கொறையும், அதனால பாதிக்கு பாதி வெச்சுக்கோங்கன்னாங்க.

இப்ப காலையில பாக்கெட் சாப்பாடு 125 கிராம், ராத்திரி ரேஷன் அரிசி சோறும் 100 கிராம் கோழியும். பாக்கெட்டுக்கு மாசம் 975, கோழி எங்க ஏரியாவுல கிலோ 220ன்னு வெச்சா 660, மொத்தம் 1,635 ரூபா. லூஸ்ல 1,050 தான் ஆச்சு, 600 ரூபா கூட தான், ஆனா அந்த ஒரு வாரத்துல நாங்க ஆஸ்பத்திரி, ஆட்டோ, மருந்துன்னு செலவு பண்ணினது 3,500ஐ தாண்டிடுச்சு. பாக்கெட்ட சீல் ஒடைக்காததா, தேதி பாத்து, பில்லோட வாங்கறேன். தூக்க முடியாத பெரிய மூட்டை வாங்கறதில்ல, 3 கிலோ தான், பிரிச்சா ஒரு மாசத்துல தீர்ந்துடும். டப்பாவுல கொட்டாம அந்த கவரோடயே வாயை சுருட்டி டப்பாக்குள்ள வெச்சிருக்கேன், நாளைக்கு ஏதாவது ஆனாலும் பேட்ச் நம்பர் கையில இருக்கும்.

பக்கத்து தெரு அக்கா வீட்டுக்கு நானே போய் சொல்லிட்டேன். அவங்க வீட்டு லாப்ரடாருக்கும் ஒரு வாரமா லூசா தான் போயிகினு இருந்துச்சாம், வெயில்னு நெனச்சுகினு இருந்தாங்களாம். அவங்க கவரையும் கொட்டிப் பாத்தோம், அதுலயும் மீன் இருந்துச்சு.

முறத்துல பிரிச்ச நாலு குமியயும் நாலு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு மூடி, தேதி எழுதி வெச்சிருக்கேன். ஆபீசர் யாராவது வந்தா குடுக்க தான். காட்பாடி பக்கம் யாராவது லூஸ்ல வாங்கிகினு இருந்தா இன்னைக்கே ஒரு முறத்துல கொட்டிப் பாருங்க, சந்தேகமா இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க, என் பாட்டில்ங்கள போட்டோ புடிச்சு அனுப்பறேன், பக்கத்துல வெச்சு பாத்துக்கலாம்.