மகளுக்கு வைப்புத்தொகையா, மாதம் ஆயிரமா?

தமிழ்நாட்டிலுள்ள அண்ணன் மகள், தங்கை மகள் படிப்புக்கென்று சிங்கப்பூரிலிருந்து பணம் அனுப்புவோர், அங்குள்ள அரசுத் திட்டங்களில் எது உண்மையில் கைகொடுக்கும் என்று கேட்பதுண்டு. தொகை எவ்வளவு என்பதைவிட, அது எந்த வயதில் யார் கைக்கு வருகிறது என்று பார்த்தே இங்கு மூன்றை ஒப்பிடுகிறேன்.

பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல், பெற்றோர் வளர்க்க விரும்பாத சிசுவை அரசிடம் ஒப்படைக்க வழிசெய்த தொட்டில் குழந்தைத் திட்டத்தையொட்டி வந்தது, தமிழ்நாடு முதலமைச்சரின் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டம். ஒரே பெண் என்றால் 50,000 ரூபாய், இரண்டு பெண்கள் என்றால் தலா 25,000 ரூபாய் என அரசே வைப்பில் போட்டு, 18 வயதில் வட்டியோடு தருகிறது. ஆனால் ஆண் குழந்தை இருக்கக்கூடாது, பெற்றோரில் ஒருவர் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளால், தம்பியோடு பிறந்த ஏழைப் பெண்ணுக்கு இதில் இடமே இல்லை. (அந்த அறுவைச் சிகிச்சையும் பெரும்பாலும் தாய்க்குத்தான் நடக்கிறது.)

மத்திய அரசு 2015இல் தொடங்கிய செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் வட்டி நன்றாகவே இருக்கிறது. 2024 தொடக்கத்தில் 8.2 விழுக்காடு. 10 வயதுக்குள் கணக்கு தொடங்கி 15 ஆண்டுகள் கட்டினால், 18 வயதில் மேற்படிப்புக்கு இருப்பில் பாதி வரை எடுக்கலாம். ஆயினும் போடுவது குடும்பத்தின் பணம். குறைந்தபட்சமான 250 ரூபாயை மட்டும் ஆண்டுதோறும் கட்டினால் அசல் 3,750 ரூபாய்தான் சேரும். கல்லூரியில் ஒரு பருவத்துக்குக்கூட அது காணாது. பெண் சிங்கப்பூருக்கே குடிவந்துவிட்டால் கணக்கையும் முடித்தாக வேண்டும்.

என் தேர்வு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம். முன்பு மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமணத்துக்குப் பணமும் தாலிக்குத் தங்கமும் தந்த உதவியைத்தான், அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து உயர்கல்வியில் சேரும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாயாக மாற்றினார்கள். மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்குக் கூட்டினால் 36,000 ரூபாய், ஒரே பெண்ணுக்கான வைப்புத்தொகையைவிடக் குறைவுதான். ஆனால் அது மாணவியின் சொந்த வங்கிக் கணக்கில் விழுகிறது. தேர்வுக் கட்டணம், ரெக்கார்டு நோட்டு, விடுதி மெஸ் பாக்கி ஆகியவற்றுக்கு அப்பாவிடம் கைநீட்டி, அதையே சாக்காக வைத்து வீட்டில் படிப்பை நிறுத்தும் பேச்சு எழாமல் இருக்க, இந்த ஆயிரம் உதவுகிறது. 18 வயதில் மொத்தமாக வரும் பணமோ, கல்யாணப் பேச்சு தொடங்கும் வயதில் நகைக்கடைக்குப் போய்விடக்கூடியது.

சிங்கப்பூரில் பெண்பிள்ளைகளுக்கென இத்தகைய தனித் திட்டம் இல்லை. 2003 முதல் நடப்பிலுள்ள கட்டாயக் கல்வியும், மாணவர்களுக்கு அரசு தரும் எடுசேவ் கல்வி நிதியும் இருபாலருக்கும் ஒன்றே. அதில் பெருமை கொள்வோர், மருத்துவப் படிப்பில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் மட்டுமே என 1979இல் விதித்த வரம்பு 2003இல்தான் நீங்கியது என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

இங்கிருந்து உதவுவோர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நம் பணத்தை நம்பி, எட்டாம் வகுப்பில் பெண்ணை அரசுப் பள்ளியிலிருந்து தனியார் ஆங்கிலவழிப் பள்ளிக்கு மாற்றினால் புதுமைப்பெண் உதவி கைநழுவுகிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020இல் வந்த 7.5 விழுக்காடு மருத்துவ உள் ஒதுக்கீடும் அதோடு போய்விடுகிறது.