அம்மாவின் அட்டையும் தம்பியின் 25,000 ரூபாயும்

பீடித் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு மத்திய அரசு தரும் கல்வி உதவித்தொகையை எங்கள் வீட்டில் இரண்டு பேர் வாங்கியிருக்கிறோம். நான் பி.காம். படித்தபோது ஆண்டுக்கு 3,000 ரூபாய் வந்தது. 2022-ல் பொறியியல் சேர்ந்த தம்பிக்கு 25,000 ரூபாய். இப்போது அவன் நான்காம் ஆண்டு. இதுவரை மூன்று முறை பணம் கைக்கு வந்திருக்கிறது. ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டால் தொகைக்கு நான்கும், அது வந்து சேரும் வழிக்கு இரண்டும் கொடுப்பேன்.

இப்போதைய தொகையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒன்றாம் வகுப்பில் 1,000 ரூபாயில் தொடங்கி, பதினொன்று, பன்னிரண்டில் 3,000, கலை அறிவியல் பட்டத்துக்கும் பாலிடெக்னிக்குக்கும் ஐ.டி.ஐ.க்கும் 6,000, மருத்துவம், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கு 25,000. தம்பியின் கல்லூரியில் கலந்தாய்வு இடத்துக்குக் கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 50,000. பாதிக்குப் பாதி. பஸ், புத்தகம், தேர்வுக் கட்டணம் எல்லாம் தனி.

தம்பிக்கு வேறு வழி இருந்ததா என்று தேடாமலில்லை. முதல் பட்டதாரிச் சலுகை இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டதாரி நான் ஆகிவிட்டேன். ஆண்டுக்கு 3,000 வாங்கிக்கொண்டு பி.காம். முடித்த அக்காவால் தம்பிக்கு அந்தச் சலுகை போயிற்று என்று இன்றும் வீட்டில் கேலி பேசுவார்கள். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கட்டணமே கிடையாது. அது அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. இவன் படித்ததோ அரசு உதவி பெறும் பள்ளி. எங்கள் ஊர்ப்பக்கம் அரைவாசிப் பள்ளிக்கூடங்கள் அப்படித்தான். ஆகக் கடைசியில் கைகொடுத்தது அம்மாவின் பீடிதான்.

இந்த உதவித்தொகையைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் இணையதளத்திலிருந்து தொடங்குகிறார்கள். தொடக்கம் அங்கே இல்லை, அட்டையில் இருக்கிறது. மத்தியத் தொழிலாளர் நல அமைப்பு கொடுக்கும் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை அப்பா அம்மா இருவரில் ஒருவரிடமாவது இருக்க வேண்டும். அவர் குறைந்தது ஆறு மாதமாவது இந்த வேலையில் இருந்திருக்க வேண்டும். குடும்பத்தின் மாத வருமானம் 10,000 ரூபாயைத் தாண்டக்கூடாது. கேட்க எளிதாக இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையில் ஆலங்குளம், முக்கூடல் பக்கம் ஒரு தெருவில் நடந்து பாருங்கள். திண்ணைக்குத் திண்ணை மடியில் சொளவோடு (முறம்) பெண்கள் இருப்பார்கள். தகட்டை வைத்து இலையை வெட்டி, தூளை விரலால் அளந்து, சுருட்டி, நுனியை மடக்கி, நூலைக் கட்டி அடுத்த இலைக்குப் போகிற வேகத்தைப் பார்த்தால் நமக்குக் கண் வலிக்கும். பீடிக் கடையில் வாங்கிய இலையும் கொடுத்த பீடியும் பதிகிற பாஸ் புத்தகம் அவர்களில் எத்தனை பேருக்குச் சொந்தப் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். நாத்தனார் புத்தகத்தில் சுற்றுகிறவர், பக்கத்து வீட்டுக்காரி புத்தகத்தில் சுற்றுகிறவர், புத்தகமே இல்லாமல் இடைத்தரகரான கமிஷன்காரரிடம் கொடுக்கிறவர் என்று பதில் வரும். சுற்றும் கை ஒன்று, கணக்கில் ஏறும் பெயர் வேறு. பெயர் இல்லாதவருக்கு அட்டை கிடைப்பது குதிரைக்கொம்பு. அட்டை இல்லையென்றால் பிள்ளைக்கு உதவித்தொகையும் இல்லை.

அம்மாவுக்கு அட்டை கிடைத்தது தொழிற்சங்கத்தால். எங்கள் ஊர்ச் சங்கம் என்பது ஒரு சின்ன அறை, ஒரு மேசை, சுவரில் கொடி. அங்கே உட்கார்ந்திருக்கும் அண்ணாச்சி மாலையில் படிவம் எழுதிக் கொடுப்பார். சந்தா போகத் தனியாக எதுவும் வாங்கியதில்லை. "தங்கச்சி, பீடி உன் கையில் இருந்தால் போதாது, பெயர் தாளில் இருக்க வேண்டும்" என்று அவர் அம்மாவை விரட்டி விரட்டிப் புத்தகம் போட வைத்தபோது நான் ஆறாம் வகுப்பு. அன்றைக்கு அம்மா அவரைத் திட்டியது எனக்கு நினைவிருக்கிறது. இந்த மதிப்புரையில் ஐந்துக்கு ஐந்து வாங்குகிற ஒரே ஆள் அவர்தான்.

நான் படித்த காலத்தில் எல்லாம் தாள். தம்பிக்குத் தேசிய உதவித்தொகை இணையதளம். விண்ணப்பம் போடுவது கடினமில்லை, அரை மணி நேர வேலை. கடினம் அதற்கு முன்னும் பின்னும்.

முன்னால் நடந்தது இது. அம்மாவின் அட்டையில் தாத்தாவின் முதலெழுத்து, ஆதாரில் அப்பாவின் முதலெழுத்து. இரண்டும் ஒரே ஆள்தானா என்ற கேள்வி வந்துவிட்டால் விண்ணப்பம் நிற்கும். ஆதாரைத் திருத்தப் போனோம். அம்மா கட்டைவிரலை வைத்தார், கருவி ஏற்கவில்லை. துடைத்து வைத்தார், ஏற்கவில்லை. ஆட்காட்டி விரல், நடுவிரல், இடது கை என்று பத்தும் பார்த்தாயிற்று. முப்பது வருடம் இலையையும் நூலையும் உருட்டிய விரல்கள். ரேகை தேய்ந்து கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தன. அங்கே இருந்த பையன் நல்லவன். "அம்மா, இரண்டு நாள் பீடி சுற்றாமல், கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வாருங்கள்" என்றான். இரண்டு நாள் கூலி போனால் போகட்டும் என்று அம்மா அப்படியே செய்தார். மூன்றாம் நாள் இடது கைச் சுண்டுவிரல் பதிந்தது.

பின்னால் நடந்தது கல்லூரியில். விண்ணப்பத்தை முதலில் கல்லூரி சரிபார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அது மேலே போகும். தம்பியின் விண்ணப்பம் வாரக்கணக்காக அதே இடத்தில் நின்றது. விடுப்பு எடுத்துக்கொண்டு நானே போனேன். சரிபார்க்க வேண்டியவர் கடவுச்சொல்லை மறந்துவிட்டாராம், மாற்றக் கேட்கவும் இல்லையாம். கடைசித் தேதிக்கு நான்கு நாள் இருந்தது. கல்லூரியின் பெயரைச் சொல்ல வேண்டாம். இன்னும் தம்பி அங்கேதான் படிக்கிறான். அன்று மாலை நான்கு மணி வரை அவர் மேசைக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தேன். வேலை முடிந்தது.

இரண்டாம் ஆண்டில் வேறு கதை. பணம் அனுப்பியாகிவிட்டது என்று இணையதளம் காட்டுகிறது, வங்கிக் கணக்கில் ஒன்றும் இல்லை. நான்கு மாதம் தேடினோம். விண்ணப்பத்தில் எந்தக் கணக்கு எண்ணை எழுதினாலும், ஆதாரோடு இணைந்திருக்கும் கணக்கு எதுவோ அதற்குத்தான் பணம் போகும் என்பது எங்களுக்குத் தெரியாது. தம்பி ஒன்பதாம் வகுப்பில் பள்ளியில் சொன்னதற்காகத் திறந்து மறந்துபோன ஒரு கணக்கில் அத்தனை ரூபாயும் பத்திரமாகக் கிடந்தது. படிக்கிறவர்கள் இதை மட்டுமாவது எடுத்துக்கொள்ளுங்கள்: விண்ணப்பிக்கும் முன் உங்கள் ஆதார் எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்று பாருங்கள்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். வேறு அரசு உதவித்தொகை வாங்கினால் இது கிடையாது. எது பெரியது என்று பார்த்து ஒன்றை எடுங்கள். தேர்வில் தோற்று அதே வகுப்பைத் திரும்பப் படித்தால் அந்த ஆண்டு கிடையாது.

10,000 ரூபாய் வரம்பு எனக்குப் பிடிக்கவில்லை. அப்பா மூட்டை தூக்கி, அம்மா பீடி சுற்றி, இரண்டு வருமானமும் சேர்ந்து அதற்குள் அடங்க வேண்டுமாம். மளிகைக் கடையில் இன்று ஒரு பை நிரப்பிப் பார்த்தவர் யாரும் அந்த எண்ணை எழுதியிருக்க மாட்டார்.

இதைத் தர்மம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. 1976-ல் வந்த சட்டப்படி பீடியின் மேல் ஒரு தீர்வை இருந்தது, அதில்தான் நல நிதி. ஆயிரம் பீடிக்கு 5 ரூபாய் என்று இருந்த அந்தத் தீர்வையை 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது எடுத்துவிட்டார்கள். அம்மா நாளைக்கு எழுநூறு பீடி சுற்றுவார். ஆண்டுக்கு முந்நூறு நாள் என்று வைத்தால், அவர் கைப்பட்ட பீடிகளிலிருந்து மட்டும் ஒரே ஆண்டில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் அந்த நிதிக்குப் போயிருக்கிறது. தம்பி இதைப் பெருக்கிக் காட்டியபோது அம்மா சொளவிலிருந்து தலையை நிமிர்த்தி, "அப்போது மீதிப் பணத்தையும் கேள்" என்றார்.

எதிர்வீட்டுச் சித்தி பதினைந்து வருடமாக அம்மாவின் புத்தகத்தில்தான் சுற்றுகிறார். அவர் மகள் வரும் ஜூனில் நர்சிங் சேர வேண்டும். நேற்று அண்ணாச்சியிடம் கூட்டிக்கொண்டு போனேன். சொந்தப் பெயரில் புத்தகம், ஆறு மாத வேலைக்குச் சான்று, பிறகு அட்டை என்று வரிசையாகச் சொன்னார். நாளை காலை பீடிக் கடை திறந்ததும் கணக்கரிடம் சித்தியின் பெயரைச் சேர்க்கச் சொல்லி நிற்கப் போகிறோம்.